படுக்கையிலிருந்தே ஓடிய மோட்டார்

எங்கள் வீட்டில் மோட்டாருக்குப் போன் போடுவோம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குள் ஸ்டார்ட்டர் பெட்டி, அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு, கரண்டு இல்லாவிட்டாலும் பேச ஒரு பேட்டரி. அந்த நம்பரைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் சொல்லும். “கண்ணு முழிச்சதும் அவகிட்டதானே மொதல்ல பேசுறீங்க” என்று ஆரம்பத்தில் என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அவரும் வெட்கப்பட்டுச் சிரிப்பார். இப்போது அந்தக் குரல் கேட்டாலே கை வேலையை அப்படியே விட்டுவிடுகிறேன்.

சும்மா சொல்லக்கூடாது, அதை வாங்கச் சொன்னதே நான்தான். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் எங்களுடையது. முறை வைத்துத் திறப்பார்கள். எங்கள் முறை வருவதற்குள் வாய்க்காலில் நண்டுதான் மிச்சம் இருக்கும். அதனால் ஆழ்குழாய்ப் போர் இல்லாமல் எங்களுக்கு வெள்ளாமை இல்லை. போருக்கு வேண்டிய மும்முனைக் கரண்டு அப்போதெல்லாம் நினைத்த நேரத்தில் வரும், நினைத்த நேரத்தில் போகும். அதற்காக இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் வரப்பில் நடந்து போவார். ஒருநாள் கட்டுவிரியன் மேல் கால் வைக்கப் போய்த் தப்பித்து வந்தார். உடம்பெல்லாம் வியர்த்து வந்து நின்ற அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, செல்போன் ஸ்டார்ட்டர் வாங்காமல் இனி வயலுக்குப் போகக்கூடாது என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். வாங்கினார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஆகையால் வசதியைத் திட்டுவதற்கு எனக்கு வாய் கிடையாது.

முதலில் இருட்டில் போவது நின்றது. அது வேண்டியதுதான். பிறகு விடிந்ததும் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதும் நின்றது. மோட்டார் ஓடுகிறது என்று அந்தக் குரல் சொல்லிவிட்டால் தண்ணீர் வயலுக்குத்தான் பாய்கிறது என்று அர்த்தம் ஆகிவிட்டது. ஒருதடவை குழாய் இணைப்பு விட்டுப்போய் பக்கத்து வயல்காரருக்கு விடிய விடியத் தண்ணீர் பாய்ந்தது. அவர் நன்றி சொல்ல வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். தெருவே சிரித்தது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

இவர் எப்படி இருந்த மனிதர் என்பது எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் வெளிப்புறத்தில் சாரம் கட்டி, கீழே கடல் கிடக்க, தொங்கிக்கொண்டு வெல்டிங் அடித்தவர். லீவில் வந்தால்கூட உட்கார மாட்டார். வேலி கட்டுவார், தென்னைக்குப் பாத்தி எடுப்பார், ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தின் மேலிருந்து குதிப்பார். உழைத்த காசில் இந்த வீட்டைக் கட்டினார். படுக்கையறைக்கு ஏசி, கரண்டு போனால் இன்வெர்ட்டர், குடிக்க வடிகட்டின தண்ணீர், துணிக்கு மிஷின். ஊரோடு வந்து சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குள் போய்ப் படுத்தார். நியாயமாக அவருக்கு அது கிடைக்க வேண்டியதுதான். ஆனால் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்பதை நான் கவனிக்க ரொம்ப நாள் ஆயிற்று. கவனிக்கிற நிலைமையில் நானும் இல்லை. கொல்லையில் கறிவேப்பிலை மரம் நிற்கிறது. மளிகைக் கடைக்குப் போனில் சாமான் சொல்லும்போது “கறிவேப்பிலையும் ஒரு கொத்துப் போட்டு விடுங்க” என்று சொல்லியிருக்கிறேன். கதவைத் திறந்து பத்தடி நடக்கச் சோம்பல். வேறென்ன?

இப்போது அந்தக் கம்பிக்கு வருகிறேன். கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த பழைய போர் தூர்ந்துபோய், வயலின் அடுத்த மூலையில் புதிதாகப் போர் போட்டோம். கொட்டகையை மாற்றவில்லை. கொட்டகையிலிருந்து போர் வரைக்கும் வரப்பிலேயே ஒரு கோடு கீறி, மோட்டார் ஒயரை அதில் போட்டு மண்ணை இழுத்து மூடினோம். குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். கோடை அறுப்புக்கு வந்த பெல்ட் போட்ட அறுவடை மிஷின் அந்த வரப்பில் ஏறித் திரும்பும்போது ஒயரை மண்ணோடு கிளப்பிவிட்டது. மேல் தோல் உரிந்து உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. இவர் அன்றைக்கு வயலில் இருந்தார். உரச்சாக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தார். “நாளைக்கு எலக்ட்ரீசியன வரச் சொல்லிருக்கேன்” என்றார்.

அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. எலக்ட்ரீசியன் பக்கத்து ஊர்தான். வண்டியை எடுத்தால் ஒரு டீ ஆறுவதற்குள் போய்ச் சேரலாம். இவர் அவருக்குப் படம் பிடித்து அனுப்பினார். பார்த்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினார். அந்தக் கட்டை விரலைப் பார்த்ததும் இவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் நான் கேட்கும்போதெல்லாம் “சொல்லியாச்சுல்ல” என்பார். சொல்லியாச்சு என்பதே செய்தாச்சு என்று ஆகிவிட்டது. நான் நேரே போய் அந்த எலக்ட்ரீசியன் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். ஸ்கூட்டி ஓட்டத் தெரியாதவளா நான்? போகலாம் போகலாம் என்று நினைப்பேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நினைப்பேன்.

அந்த ஒயர் கிடந்த வரப்பில்தான் என் ஓர்ப்படியாள் புல் அறுப்பாள். என் கொழுந்தனார் பெண்சாதி, எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர்தான். கொழுந்தனார் இன்னமும் சிங்கப்பூரில் இருக்கிறார். இவள் இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளினாள். மாடுதான் அவளுக்குப் பேச்சுத் துணை. போர் குழாயில் எப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும் என்பதால் ஊர் முழுக்கக் காய்ந்தாலும் அந்த மூலையில் புல் பச்சையாக நிற்கும். அங்கே போகாதே என்று அவளிடம் எத்தனையோ முறை சொன்னேன். “வேற எங்கக்கா புல்லு இருக்கு? மாமா கம்பிய மாத்திட்டா பயம் போச்சு” என்று என் மேலேயே திருப்பிவிட்டாள்.

கம்பியை மாற்றுவதற்குப் பதிலாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் விடிந்ததும் போய் புல்லை அறுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து “வந்துட்டேன் மாமா” என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் இவர் மோட்டாருக்குப் போன் போடுவார். நினைத்துப் பாருங்கள், ஒரு முழம் குழாயைப் புதைக்கத் துப்பில்லாமல் ஒரு மனுஷியின் உயிரை இப்படி ஒரு கூப்பாட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். கொஞ்ச நாள் அது ஒழுங்காக நடந்தது. அப்புறம் இவருக்கு ஏசி அறைக்குள் அவள் குரல் கேட்பதில்லை. அவள் வழக்கமாக எந்நேரத்துக்குத் திரும்புவாள் என்று பழகிவிட்டதால், அந்த நேரம் ஆனதும் ஒன்றை அழுத்திவிடுவார். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டு சுவரையும் அறைக் கதவையும் மாறி மாறிப் பார்ப்பேன். அவள் குரல் வந்து, அதற்குப் பிறகு இவர் போன் சத்தம் வந்தால் மூச்சு விடுவேன். தினமும் இதே பிழைப்பு. வயிற்றில் ஒரு நெருப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு காபி போடுவேன். ஆனாலும் அந்த எலக்ட்ரீசியன் வீட்டுக்கு நான் போகவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் அது நடந்தது. விதைத்த சம்பா முளைத்து விரற்கடை உயரம் நின்றது. ஆற்று முறை இன்னும் வரவில்லை. போர் தண்ணீர்தான். அன்று காலை எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். முற்றமெல்லாம் தண்ணீர் ஓடிக்கிடந்தது. முருங்கைக் கிளை முறிந்து விழுந்திருந்தது. இடி மின்னலோடு பெரிய மழை பெய்திருக்கிறது. இரண்டு பேரும் ஏசியைப் போட்டு, கதவு ஜன்னலை இறுக்கச் சாத்திக்கொண்டு தூங்கியதில் ஒரு சொட்டுச் சத்தம் எங்கள் காதுக்கு வரவில்லை. முறிந்த கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்றும் பயமாக இல்லை. மழை பெய்தது நல்லதாயிற்று, இன்றைக்கு மோட்டார் போட வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாடு கத்தியது. எட்டிப் பார்த்தேன். மாடு கட்டியிருந்தது, முன்னால் புல் இல்லை. ஓர்ப்படியாள் வீட்டுக் கொல்லைக் கதவு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. மழை விடட்டும் என்று காத்திருந்துவிட்டு இப்போதுதான் வயலுக்குப் போயிருக்கிறாள் என்பது புரிந்தது. சரி, அதற்கென்ன என்று திரும்பினேன். உள்ளே, படுக்கையறையிலிருந்து, அந்தப் பெண் குரல் கேட்டது. மோட்டார் ஓடுகிறது என்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். இவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, ஒரு கையில் போனோடு படுத்திருந்தார்.

“நிறுத்துங்க. அவ வயல்ல இருக்கா. ராத்திரி மழ பேஞ்சிருக்கு.”

“மழையா?” என்றார். எழுந்து உட்கார்ந்தார். அந்த நம்பரை அழுத்தினார். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது போன். மறுபடி அழுத்தினார். அதேதான். இடி விழுந்ததிலோ என்னவோ டவர் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. மோட்டாரை ஓட விடுவதற்கு ஒரு நிமிஷம் வந்த லைன், நிறுத்துவதற்கு வரவில்லை.

நான் என் போனிலிருந்து ஓர்ப்படியாளைக் கூப்பிட்டேன். அதென்னவோ லைன் கிடைத்தது. மணி அடித்தது. அது சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டுச் சமையல்கட்டுக்குள்ளேயே அடித்தது. என் காதிலும் அடித்தது, சுவர் வழியாகவும் அடித்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புல் அறுக்கப் போகிறவளுக்குப் போன் எதற்கு?

“இரு இரு, இப்ப கெடச்சிரும்” என்றார் இவர். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அழுத்திக்கொண்டே இருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து நானும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை கிடைத்துவிடும், இந்த முறை கிடைத்துவிடும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன். வாசலில் ஸ்கூட்டி நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. அங்கே ஈர வரப்பில் கரண்டு பாய்ந்துகொண்டிருக்கிறது, அவள் வெறுங்காலோடு போயிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் இரண்டு பேரும் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மாடு மறுபடி கத்தியது. அதுதான் என்னைத் தள்ளியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினேன். “வாங்க” என்று கத்தினேன். “லைன் கிடைச்சிரும்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

தெருவில் யாராவது இருந்தால் கூப்பிடலாம் என்று பார்த்தேன். ஒரு ஈ காக்காய் இல்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது, வெளிச்சுவரில் ஏசிப் பெட்டிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. வாய்க்கால் கரை சேறாகிக் கிடந்தது. வண்டி வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஓடிப் பழக்கம் விட்டுப்போன உடம்பு. நெஞ்சு அடைத்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. பிணத்தைத்தான் பார்க்கப் போகிறோம் என்று எனக்குள்ளே ஒன்று தெளிவாகச் சொல்லியது. கொழுந்தனாருக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். ஓடிக்கொண்டே அதை யோசித்தேன் பாருங்கள்.

கொட்டகைக்குக் கிட்டே போனதும் அவளைப் பார்த்தேன். வயலின் மூலையில் மதகின் சிமெண்டுக் கட்டை மேல் குந்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் புடவைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, அரிவாளை மார்போடு பிடித்திருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று புரிந்ததும் அவள் பக்கம் போக அடி எடுத்து வைத்தேன்.

“கிட்ட வராதீங்கக்கா” என்றாள். அவள் குரல் எப்போதும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு இழுத்து இழுத்து, குழந்தை பேசுவது போல வந்தது. “தண்ணிய பாருங்க.”

பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் வரப்போரம் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் தவளைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு நீளமாகக் கிடந்தது. அவள் வரப்பில் கால் வைத்ததும் உள்ளங்காலில் சுள்ளென்று இழுத்திருக்கிறது. பின்னால் தாவி மதகின் மேல் ஏறிவிட்டாள். இன்னும் ஓரடி முன்னால் வைத்திருந்தால் அவ்வளவுதான். அந்த மதகைச் சுற்றி நாலா பக்கமும் ஈரம். இறங்குவதற்கு வழியில்லை. அங்கே உட்கார்ந்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கொட்டகை என் பக்கம் இருந்தது. உள்ளே தரையெல்லாம் நனைந்திருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தொட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. குச்சி எடுக்கலாம் என்றால் காய்ந்த குச்சி எங்கே இருக்கிறது? ஒரு ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றின் மேல் ஒற்றைக் காலில் நின்று, சிவப்புப் பொத்தானைச் செருப்பால் ஒரு குத்துக் குத்தினேன். உறுமல் நின்றது. கரண்டு வந்தால் தானாக ஓடுகிற மாதிரி இவர் வைத்திருக்கிறாரோ என்ற பயத்தில், மெயின் சுவிட்சையும் செருப்பாலேயே கீழே தள்ளி, மேலே இருந்த ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவள் இறங்க மாட்டேன் என்றாள். நான் முதலில் அந்தத் தண்ணீரில் கால் வைத்து நடந்து காட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது.

அவள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது என் இடுப்பில் போன் அடித்தது. இவர்தான். “கவலப்படாத, லைன் கெடச்சிருச்சு. மோட்டார் நின்னுபோச்சுன்னு சொல்லிருச்சு. நிறுத்திட்டேன்” என்றார். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. தான்தான் நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஓர்ப்படியாளுக்கும் அது கேட்டது. கூடையை அங்கேயே விட்டுவிட்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். கெந்திக் கெந்தி நடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் சாமி வந்தவள் மாதிரி ஆடினேன். ப்யூஸ் கட்டைகளை அவர் மடியில் வீசினேன். செருப்பை வைத்து நிறுத்தியது நான், தவளை செத்து மிதந்தது, அவள் மதகின் மேல் குந்தியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதே கட்டில் ஓரத்தில், நான் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில், அதே மாதிரி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக் கேட்க அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது இல்லை.

“வேணும்னு உக்காரலடி” என்றார். “எந்திரிக்கணும் எந்திரிக்கணும்னுதான் நெனச்சேன். காலு வரல.”

பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் பக்கத்தில் நானும் நின்றவள்தானே.

அன்றைக்கே எலக்ட்ரீசியன் வீட்டு வாசலில் போய் நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டு வந்தார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னையே கேட்டார். புது ஒயரைக் குழாய்க்குள் விட்டு, ஆழமாகப் பள்ளம் எடுத்துப் புதைத்தார். மத்தியானத்துக்கு மேல் தொடங்கி வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட்டார். இவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான் கோடையிலிருந்து புரட்டாசி வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இவரும் மறுநாளிலிருந்து விடியற்காலையில் வயலுக்குப் போனார். இரண்டு வாரம் இருக்கும். வரப்பு வழுக்குகிறது என்றார், முட்டி வலிக்கிறது என்றார். புது ஒயர்தானே, இனி என்ன பயம் என்றார். ஒருநாள் காலை படுக்கையறையிலிருந்து அந்தப் பெண் குரல் மறுபடி கேட்டது. நான் சமையல்கட்டில் அப்படியே நின்றேன். சண்டை போட வேண்டும் என்று தோன்றியது. பால் பொங்கியது, அடுப்பை அணைத்தேன். சண்டை போடவில்லை.

ஓர்ப்படியாள் மட்டும் மாறிவிட்டாள். வயலுக்குப் போகுமுன் எங்கள் கொல்லை வாசலில் வந்து நிற்பாள். “மாமா, புல்லுக்குப் போறேன்” என்பாள். இவர் அறைக்குள்ளிருந்து, “போம்மா, மோட்டார் நின்னுதான் இருக்கு” என்பார். போக மாட்டாள். “உள்ளேருந்து சொல்லாதீங்க மாமா. எந்திரிச்சு வெளிய வந்து சொல்லுங்க” என்பாள். முதல் சில நாள் இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து முகத்தைக் காட்டினார். அப்புறம் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். அப்புறம் உள்ளேயிருந்து குரல் மட்டும். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள், நிற்பாள். நான் அவரை எழுப்பி இழுத்துவந்து நிறுத்தியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒருநாள், “போடி, நான் பாத்துக்கறேன்” என்று சமையல்கட்டிலிருந்தே சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையோடு திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வயலுக்குப் போகவில்லை.

அந்த வாரமே மாட்டை விற்றுவிட்டாள். வாசலில் வேன் வந்து நின்று, மாடுகள் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போதுதான் எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் கேட்டேன். புது ஒயர் போட்டாச்சே, இன்னும் என்ன பயம் உனக்கு என்று கேட்டேன். அவள் மாட்டின் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“கம்பிய பாத்து பயமில்லக்கா. அன்னைக்கு மதகு மேல உக்காந்து எவ்வளவு நேரம் கூப்பிட்டேன் தெரியுமா? கூப்பிட்டா எந்திரிச்சு வராத ஆளுங்க பக்கத்துல இருக்கறதுதான் பயமா இருக்கு.”

“நான் வந்தேன்ல?” என்றேன்.

“வந்தீங்கக்கா” என்றாள். வேன் போன பிறகு வாசலைக் கழுவிவிட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் அக்கறையாகத்தான் கேட்டார். மாட்டை எதற்கு விற்றாளாம், நல்ல கறவையாயிற்றே என்று கேட்டார். நான் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவரே, “சரி, நம்மளுக்கு பாலுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, கடைக்கு மெசேஜ் போட்டுட்டேன், காலையில கேட்டுலயே மாட்டிட்டுப் போயிருவான்” என்றார்.

மறுநாள் விடிந்தது. கூடத்தில் சோபாவில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டில் பால் பை தொங்குவது தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று நான் எனக்குள்ளே சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.